சங்கு நேரத்தில் ஓடியவள்

வைதோலு, சவாயித் தீவு
11 மார்ச் 1984

அன்புத் தங்கை ரூதாவுக்கு,

ஆண்டவர் காவலில் நானும் மெலேயும் நாட்களை ஓட்டிக்கொண்டிருக்கிறோம். ஆக்லாந்தில் குளிர் தொடங்குமுன் உன் முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொள். பிள்ளைகள் சுகமா?

பள்ளிக்குப் புதுத் தலைமையாசிரியர் வந்திருக்கிறார். தலைநகர் அப்பியாவில் படித்தவர். வந்த வாரமே என்னிடம், "படிப்பு முடிக்கிற பிள்ளைங்களுக்குப் பரிசு கொடுக்கிறத நாங்களே பாத்துக்கறோம் ஐயா. நீங்க வந்து கை குடுத்தா போதும்" என்றார். நான், "பதக்கம் உங்களோடது. மார்க்க எண்ணி யாருக்கு வேணா குடுங்க. கிண்ணம் ஊர்த் தலைவருங்க எங்களோடது" என்றேன்.

அந்தத் தொண்டுக் கிண்ணம் நம் அப்பா செதுக்கியது. பதக்கம் தலைக்கு, கிண்ணம் நடத்தைக்கு என்று வைத்தவரும் அவர்தான். நான் டின் மேல் இருக்கும் எழுத்தையும் பாட்டுப் புத்தகத்தையும் பார்த்துப் படித்தவன். எனக்கு மார்க் தெரியாது. ஆனால் ஒரு பிள்ளை பெரியவர்கள் முன்னால் எப்படி நடக்கிறது, யாரும் பார்க்காதபோது எப்படி நடக்கிறது என்பது தெரியும். கிண்ணம் வாங்கும் பிள்ளைக்காக நம் வட்டாரமே அப்பியாவுக்கு வாக்குக் கொடுக்கிறது. அந்த வாக்கு இல்லாமல் நர்ஸ் பள்ளியில் நம் பக்கத்துப் பிள்ளையைச் சேர்ப்பதில்லை. இந்த ஆண்டு கடைக்கார ஆலேசானாவின் மகள் சியேனி நர்ஸாகப் போக ஆசைப்படுகிறாள். படிப்பிலும் அவளே முதல். இப்போதைக்கு என் மனதில் இருப்பதும் அவள்தான்.

மெலே மெலிந்துபோனாள். ஓயாமல் தண்ணீர் குடிக்கிறாள். வெயில் என்கிறாள். கொய்யாத் தளிர் வேகவைத்துக் கொடுக்கிறேன்.

உன் அண்ணன்,
பெனியாமினா

*

ஆக்லாந்து
8 ஏப்ரல் 1984

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கண்டு மகிழ்ச்சி. இங்கே எல்லோரும் நலம். ஆஸ்பத்திரிச் சலவையறையில் வேலை நெருக்குகிறது, ஆனால் நீராவியில் முழங்காலுக்கு இதமாக இருக்கிறது.

அண்ணிக்குக் கால் மரத்துப்போகிறதா? கண் மங்குகிறதா? புண் வந்தால் ஆறுகிறதா? சும்மாதான் கேட்கிறேன்.

போதகரின் மகன் ஊருக்கு வருகிறான். அவனிடம் அண்ணிக்கு ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறேன். பெண்கள் சாமான். நீங்கள் பிரிக்க வேண்டாம்.

சியேனி நல்ல பெண் என்று நானும் கேள்விப்பட்டேன்.

உங்கள் தங்கை,
ரூதா

*

வைதோலு
20 மே 1984

என் ரூதாவுக்கு,

உனக்கும் பிள்ளைகளுக்கும் என் முத்தங்கள். பொட்டலம் வந்தது. சந்தேகத்திலேயே நீ முன்கூட்டி அனுப்பிய மருந்துக் குப்பிகள் உடையவில்லை.

உன் அண்ணனிடம் என் தங்கையைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். நீ பயந்தபடி சர்க்கரை வியாதிதான். தினமும் ஊசி போட்டே ஆக வேண்டுமாம். இந்த ஆஸ்பத்திரியில் மருந்து இருந்தால் ஊசி இல்லை, ஊசி இருந்தால் மருந்து இல்லை. நீ அனுப்பாவிட்டால் நான் இல்லை.

அவரிடம் எப்படிச் சொல்வேன்? எங்கள் மகள் ஆனா ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட அன்றே கண்ணை மூடினாள். அவளைப் புதைத்த கையோடு, இனி ஒரு ஊசி என் வாசலைத் தாண்டாது என்று கோயிலில் எல்லோர் முன்னாலும் சத்தியம் செய்தார். அவர் சத்தியத்தை மீறி யாராவது பார்த்திருக்கிறார்களா?

என் கை நடுங்குகிறது. அதனால் சியேனிதான் போட்டுவிடுகிறாள். ஆஸ்பத்திரிக்கு என்னோடு வந்து நர்ஸிடம் நின்று கற்றுக்கொண்டாள். மருந்து ஆலேசானா கடையின் மண்ணெண்ணெய் ஃபிரிட்ஜில் இருக்கிறது. வரும் நேரத்தைக் கேட்டால் சிரிப்பாய். சாயங்காலச் சங்கு ஊதியதும் ஊரே ஜெபத்துக்கு உள்ளே போய்விடும். சாலையில் எவர் காலும் படக் கூடாது. படாமல் பார்த்துக்கொள்ள உன் அண்ணன் இளவட்டங்களோடு கோயில் முனையில் போய் நிற்பார். அவர் ஊரைக் காவல் காக்கும் அந்த நேரத்தில்தான் எங்கள் வீட்டுக்குக் காவல் இல்லை. நான் சுவருக்குப் பதிலாகத் தொங்கும் பாய்த் தட்டிகளை இறக்கி விளக்கேற்றுவேன். அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் அவள் சாலையைத் தாண்டி ஓடி வருவாள்.

அண்ணனுக்கு ஒரு வார்த்தையும் எழுதிவிடாதே. பைபிள்மேல் நீ சத்தியம் செய்ததாகவே எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
மெலே

*

வைதோலு
19 ஆகஸ்ட் 1984

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் சுகம். மெலே இப்போது தேறியிருக்கிறாள். கொய்யாத் தளிர் வேலை செய்கிறது என்று நான் சொன்னதை ஊரில் யாரும் நம்பவில்லை. நீயாவது நம்பு.

ஆனால் மனம் சரியில்லை. அந்தச் சியேனி என்னை ஏமாற்றிவிட்டாள். சங்கு ஊதிய பிறகு சாலையில் ஓடுகிறாள். முதல் முறை கண் மங்கல் என்று விட்டேன். இரண்டாம் முறை பாவாடை தெரிந்தது. மூன்றாம் முறை முனையிலிருந்து திரும்பி வந்து கையும் களவுமாகப் பிடித்தேன். ஏதோ பொருளை மார்போடு அணைத்து மேலே துணி சுற்றியிருந்தாள்.

"சங்கு கேக்கலையா உனக்கு?"

"கேட்டுச்சு தாத்தா."

"அப்புறம் எதுக்குடீ ஓடுற?"

"கால் இருக்கு, ஓடுறேன்."

"எங்க போற?"

"திரும்பி வர்றதுக்குத்தான்."

கூட நின்ற பயல்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. என்னை நேராகப் பார்த்தாள். அவள் வயதில் நான் ஒரு தலைவரை அப்படிப் பார்த்திருந்தால் அப்பா என் முதுகைப் பிளந்திருப்பார்.

ஆலேசானாவுக்கு ஒரு பெட்டி டின் மீன் அபராதம் போட்டேன். "எம் பொண்ணு தப்புப் பண்ணமாட்டா பெரியவரே" என்றான். "அப்ப எங்க போறான்னு சொல்லு" என்றேன். பதிலுக்கு மீனைக் கொண்டுவந்து கொட்டினான். கடற்கரையில் எவனோ காத்திருக்கிறான் என்று ஊர் பேசுகிறது. நான் பேசவில்லை. ஆனால் கிண்ணம் அவளுக்கு இல்லை.

உன் முழங்கால் எப்படி?

அண்ணன்,
பெனியாமினா

*

ஆக்லாந்து
9 செப்டம்பர் 1984

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் உடம்பையும் அண்ணி உடம்பையும் ஆண்டவர் காக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தை நான்கு முறை கிழித்து எழுதுகிறேன். அண்ணா, சியேனிக்கு அந்தக் கிண்ணத்தைக் கொடுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள். தங்கை என்ற உரிமையில் உங்களிடம் இதுவரை நான் எதுவும் கேட்டதில்லை. நிலம் பிரித்தபோதும் கேட்கவில்லை. அப்பா சாகும்போது உங்கள் கையைப் பிடித்து என்ன சொன்னார்? "தங்கச்சிங்கறவ அண்ணன் கண்ணுல இருக்கிற பாவைடா." அந்தப் பாவை கேட்கிறது. ஒரு பெண்ணின் பிழைப்பு இதில் இருக்கிறது. இன்னும் பெரியதும் இருக்கிறது.

அண்ணியை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள்.

ரூதா

*

வைதோலு
7 அக்டோபர் 1984

ரூதாவுக்கு,

சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

காரணம் இல்லாமல் கேட்கிறாய். அப்பா வைத்த கிண்ணத்தைக் காரணம் இல்லாமல் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. பாவை கண்ணுக்குள்தான் இருக்கிறது. அதற்காக, எதைப் பார்க்க வேண்டும் என்று கண்ணுக்கு அது சொல்லக் கூடாது.

தங்கையின் சொல்லைத் தட்டியவன் குடும்பம் விளங்காது என்பார்கள். தெரிந்தேதான் தட்டுகிறேன். உனக்கு ஏதாவது தெரியும் என்றால் எழுது. தெரியாது என்றால் இதோடு விடு.

பெனியாமினா

*

வைதோலு
4 நவம்பர் 1984

என் ரூதாவுக்கு,

முத்தங்கள். உன் கடிதம் போதகர் மனைவி வழியாக வந்தது. நான் சொல்லிவிட வேண்டும் என்கிறாய். நேற்று ஊசி போடும்போது சியேனியிடம் அதையே சொன்னேன்.

"நானே அவர்கிட்ட சொல்லிடறேன்டி. உன் பேரு கெடுது."

"சொன்னா என்ன ஆகும் பாட்டி? கிண்ணம் எனக்கு வரும். ஊசி உங்களுக்கு வராது. அந்தக் கிண்ணத்துல எதை ஊத்திக் குடிக்கிறது?"

"நர்ஸ் படிப்பு போயிடுமேடி."

"போனா கடையில உக்காந்து டின் மீன் விப்பேன். நம்ம ஊர்ல அபராதம் நிக்கிற வரைக்கும் டின் மீனுக்குக் குறைச்சல் வராது. கையை ஆட்டாதீங்க."

அவள் போன பிறகு அழுதேன். உன் அண்ணன் ஜெபம் முடிந்து வந்து, "என்ன?" என்றார். விளக்குப் புகை என்றேன். இந்த மனிதரோடு இத்தனை ஆண்டுகள் வாழ்ந்தவள் நான். அவருக்கு இரண்டு வழிதான். ஒன்று சத்தியத்தைக் காப்பாற்றுவார், அல்லது அதை மீறி உள்ளுக்குள் செத்துப்போவார். எதைப் பார்க்கவும் எனக்குத் துணிவில்லை.

மெலே

*

வைதோலு
2 டிசம்பர் 1984

தங்கை ரூதாவுக்கு,

அக்டோபரில் எழுதிய கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. சுகமாக இருக்கிறாய் என்று வந்தவர்கள் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை பரிசளிப்பு நடந்தது. பள்ளி முற்றத்தில் இடமில்லை. ஒவ்வொரு பிள்ளை பேரையும் கூப்பிட்டதும் குடும்பம் மொத்தமும் ஆடிக்கொண்டே மேடைக்கு வந்து, பிள்ளையின் முகம் மறையும்வரை மிட்டாய் மாலையைப் போட்டது. தொண்டுக் கிண்ணத்தை மீன்காரர் மகன் தவீதாவுக்குக் கொடுத்தேன். மார்க்கில் நடுவில் நிற்கிற பையன். ஆனால் நொண்டிப் பாட்டனை முதுகில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுவருகிறவன். யாரும் குறை சொல்லவில்லை.

பிறகு முதல் மதிப்பெண் பதக்கம். சியேனி வந்தாள். ஆலேசானா முன்னால் ஆடிக்கொண்டு வந்தான். அவளுடைய அத்தைகள் கத்தினார்கள், ஜனங்கள் கைதட்டினார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை. ஒலிபெருக்கி என் முன்னால் இருந்தது.

"இந்தப் பொண்ணுக்கு மூளையில ஒரு குறையும் இல்ல. ஆனா சங்கு ஊதுனா வீட்டுல இருக்கணும்னு தெரியற அளவுக்கு அந்த மூளை வளரல" என்றேன்.

சிலர் சிரித்தார்கள். பிறகு சிரித்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். ஆலேசானாவின் ஆட்டம் அப்படியே நின்றது. மகள் கழுத்திலிருந்த மாலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி என் காலடியில் போட்டான்.

"பெரியவரே, இதையெல்லாம் உங்க கிண்ணத்துல போட்டு வெச்சுக்கங்க."

மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டான். என் வீட்டுப் பக்கம் அவள் தலை தெரிந்தால் காலை ஒடிப்பேன் என்று கடை வாசலில் கத்தினானாம். நல்லது. இனிமேல் சங்கு நேரத்தில் சாலை சுத்தமாக இருக்கும்.

நான் சொன்னது உண்மை. உண்மையைச் சொன்னவனுக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை, அது வேறு. மெலே என்னோடு பேசுவதில்லை. மறுபடி தண்ணீராகக் குடிக்கிறாள்.

எழுது.

பெனியாமினா

*

வைதோலு
19 டிசம்பர் 1984

ரூதா,

மெலே உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிட்டேன்.

போன வாரம் திங்கட்கிழமை, சங்கு ஊதி நான் கோயில் முனையில் நிற்கிறேன். சியேனி வருகிறாள். ஒளிந்து வரவில்லை. சாலை நடுவில், எல்லோர் கண்ணுக்கும் முன்னால், ஃபிளாஸ்க்கைக் கையில் தூக்கிக்கொண்டு என்னை நோக்கி ஓடி வருகிறாள்.

"நில்லுடீ!"

"அபராதம் அப்புறம் போடுங்க தாத்தா. உங்க வீட்டுல விளக்கு ஏத்தல. போய்ப் பாத்தேன். பாட்டி பேச்சு மூச்சில்லாம கெடக்காங்க. வாங்க!"

நான் போனேன். ஓடினேன் என்றே எழுதலாம். மெலே பாயில் கிடந்தாள். மூச்சில் அழுகிய பழ வாடை. அந்தப் பெண் ஃபிளாஸ்க்கைத் திறந்தாள். உள்ளே ஊசி.

"கையப் புடிங்க தாத்தா."

எனக்கு மகள் ஆனாவின் நினைவு வந்தது. கை வரவில்லை.

"உங்க சத்தியம் பெருசா, அவங்க பெருசான்னு நாளைக்கு யோசிங்க. இப்பக் கையப் புடிங்க!"

பிடித்தேன். நான் கோயிலில் செய்த சத்தியத்தை என் கைக்கு மேலேயே அவள் குத்தினாள். ஆலேசானா லாரியைக் கொண்டுவந்தான். என் முகத்தைப் பார்க்காமலே மெலேயைத் தூக்கி ஏற்றினான். ஆஸ்பத்திரியில் டாக்டர், பல நாளாக ஊசி விட்டுப்போனதால் வந்தது, இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் கொண்டுவந்திருக்கவே தேவையில்லை என்றார்.

மெலே கண் விழித்த பிறகு கேட்டேன்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க?"

"தூக்கி எறிஞ்சிருப்பேன்."

"அதான்."

நீயும் அவளும் சேர்ந்து என்னைப் பொய் பேச வைத்தீர்கள். அதுவும் மேடையில், ஒலிபெருக்கியில். மருந்து அனுப்பியது நீ என்று தெரிந்துகொண்டேன். நீ மறைத்ததை நான் மறக்க மாட்டேன். அந்த மருந்தால் மிஞ்சிய அவள் உயிரையும் மறக்க மாட்டேன். இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை விடியுமுன் ஆலேசானா வாசலுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டு உட்காருகிறவன் தலையில் போட்டுக்கொள்ளச் சன்னப் பாய் வேண்டும் அல்லவா? மெலே தன் சாவுக்கென்று பெட்டியில் வைத்திருந்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். "எனக்கு இப்ப அவசரமில்ல" என்றாள். தம்பிமார் துணைக்கு வருகிறேன் என்றார்கள். பேசியது என் வாய் மட்டும்தான், அதனால் நான் மட்டும்தான் போவேன் என்று தடுத்துவிட்டேன். ஒரு தலைவன் தனியாகப் பாய்க்கு அடியில் உட்கார்ந்து நம் ஊர் பார்த்ததில்லை. அரிவாளோடு வந்தாலும் அசையக் கூடாது, கல் விழுந்தாலும் கேட்கக் கூடாது. பாய்க்கு உள்ளே என் மூச்சுதான் எனக்குக் கேட்டது. விடிந்தது. வெயில் ஏறியது. ஆலேசானா வெளியே வந்தது காலடியில் தெரிந்தது.

"கடை திறக்கிற நேரம். வழிய மறைச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்களே, வியாபாரம் யாரு பாக்கிறது?"

பாய்க்கு அடியில் இருப்பவன் பேசக் கூடாது. அவன் உள்ளே போய்விட்டான். சாமான் வாங்க வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு குழந்தை, "அம்மா, பாய்க்குக் கால் இருக்கு" என்றது. உச்சி வெயிலுக்குத்தான் பாய் நகர்ந்தது. மன்னித்ததற்கு அடையாளமாக அதை எடுத்தவன் ஆலேசானா. பின்னால் சியேனி இளநீரோடு நின்றாள். அவன் கண் சிவந்திருந்தது. என் கண்ணைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

"கிண்ணத்தைத் தவீதாகிட்டேருந்து வாங்கிடாதீங்க தாத்தா" என்றாள் சியேனி. "அவன் நல்ல பையன். நான் சங்கு நேரத்துல ஓடுனதும் உண்மை."

"வாங்க மாட்டேன். குடுத்தது குடுத்ததுதான்" என்றேன். "அப்பியாவுக்கு உனக்காக வாக்குக் குடுக்க நானே வரேன்."

"கப்பல்ல உங்களுக்கு வாந்தி வருமே தாத்தா?"

"வரட்டும்."

பெனியாமினா

*

ஆக்லாந்து
13 ஜனவரி 1985

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்களும் அண்ணியும் சேர்ந்து சாப்பிட்டுச் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன்.

கோபத்தைத் தனியாக வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். வைத்துக்கொள்ளுங்கள். என்னிடமும் ஒன்று இருக்கிறது. அக்டோபரில் எழுதியதற்கு. நேரில் வரும்போது மாற்றிக்கொள்வோம்.

நர்ஸ் பள்ளி என்ன ஆயிற்று? சியேனி போய்விட்டால் அண்ணிக்கு யார் ஊசி போடுவார்கள்? அடுத்த பொட்டலம் உங்கள் பேருக்கே வரும். பிரிக்கலாம்.

ரூதா

*

வைதோலு
17 மார்ச் 1985

அன்புத் தங்கை ரூதாவுக்கு,

நாங்கள் நலம். மெலே உடம்பில் சதை பிடித்திருக்கிறது. உன் முழங்காலுக்கு இங்கிருந்து எண்ணெய் அனுப்புகிறேன்.

பொட்டலம் கிடைத்தது. பிரித்தேன்.

கப்பலில் வாந்தி எடுத்தேன். நர்ஸ் பள்ளித் தலைவி, "கிண்ணம் வாங்குன பிள்ளையத்தானே நீங்க வாக்குக் குடுத்து அனுப்புவீங்க? இந்தப் பொண்ணு வாங்கலையே?" என்றார். "கிண்ணத்தக் குடுக்காதவன் நான்தாம்மா. அதனாலதான் வாக்கக் காயிதத்துல அனுப்பாம நானே தூக்கிட்டு வந்திருக்கேன்" என்றேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். ஊசியை, ஒலிபெருக்கியை, பாயை. அவர் சியேனி பக்கம் திரும்பினார். "ரகசியம் காக்கிற நர்ஸுதான் எனக்குக் கெடைக்கறதில்ல" என்றார். சேர்த்துக்கொண்டார்கள்.

போகுமுன் சியேனி எனக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்தாள். பப்பாளிக் காயில் குத்திப் பழகினேன். "காயே கத்துது தாத்தா, மெதுவா" என்றாள். இப்போது மெலே கத்துவதில்லை.

ஊர்க் கூட்டத்தில் எழுந்து, மருந்து கொண்டு போகிறவர்களுக்குச் சங்கு நேரத்தில் விலக்கு என்று முடிவு எடுக்க வைத்தேன். எனக்கு மட்டும் விலக்கு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். "சங்கு ஊதறதுக்கு முன்னாலயே போய் மருந்த எடுத்துட்டு வந்துடலாமே ஐயா?" என்று தலைமையாசிரியர் புத்தி சொன்னார். படித்தவர், சரியாகத்தான் சொல்கிறார். ஆனால் அவள் அந்த நேரத்தில்தான் ஓடினாள், நான் அந்த நேரத்தில்தான் பிடித்தேன். அவள் வீட்டிலிருந்து எத்தனை டின் மீன் வாங்கினேனோ அத்தனையும் அபராதமாக என் வீட்டிலிருந்து போகும்வரை, எனக்கும் அதே நேரம்தான்.

கோயில் முனைக் காவலை விட்டுவிட்டேன். இப்போது அங்கே நிற்பவன் தவீதா. கிண்ணம் வாங்கியவன், விதி தவற மாட்டான். நேற்றும் சங்கு ஊதியதும் ஆலேசானா கடையிலிருந்து ஃபிளாஸ்க்கோடு சாலையைத் தாண்டினேன். இருட்டில் அவன் குரல் வந்தது.

"தாத்தா! சங்கு ஊதியாச்சு. எதுக்கு ஓடுறீங்க?"

"கால் இருக்குடா, ஓடுறேன்" என்றேன்.

மெலே தட்டிகளை இறக்கி விளக்கு ஏற்றியிருந்தாள்.

உன் அண்ணன்,
பெனியாமினா